வயிறு நிறைந்தவர்களுக்கு மட்டும்

பசித்த கடமானை ஒலிவேலி உள்ளே விடாது. மேய்ந்து வயிறு நிறைந்து வந்தால் வழிவிடும்.

வால்பாறைக்கு மேலே, தேயிலை பிடுங்கப்பட்ட அந்தச் சரிவில் காடு வளர்க்கும் பொறுப்பு ஜெசிந்தாவுடையது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை நின்று சத்திழந்த மண். அங்கே ஒரு கன்றின் தளிரைக் கடித்தால் மறுபடி துளிர்க்காது. கீழே ஓடைக்கரை மண்ணோ கொழுத்தது. கடித்த இடத்தில் இரண்டு கிளை விடும்.

முதலில் அவள் இரண்டு இடத்தையும் அடைத்துத்தான் வைத்திருந்தாள். சரிவில் கன்றுகள் முழங்காலைத் தாண்டவில்லை. ஓடைக்கரையில் மேய ஆளில்லாமல் புல்லும் கொடியும் மண்டி, நட்டதையெல்லாம் மூடியது. வேறு வழியின்றி முடிவை வேலியிடமே விட்டாள். மண்ணின் சத்தையும் விலங்கின் குடல் ஓசையையும் படித்து, ரீங்காரத்தால் மறிக்கும் வேலிக் கம்பங்கள் ஒரு வழி கண்டன: ஓடைக்கரையில் மேயட்டும், சரிவில் படுத்து அசைபோட்டுப் புழுக்கை போடட்டும்.

இன்று அதிகாரி நல்லசிவம் வந்திருந்தார். அவர் தலையசைக்காவிட்டால் சரிவு மீண்டும் தேயிலைக்குப் போய்விடும். அவரையே வேலி மறித்தது. காதைக் குடையும் ரீங்காரம்.

"சார், சாப்டீங்களா?" என்றாள் ஜெசிந்தா.

"இன்னும் இல்ல. ஏம்மா?"

உடன் வேலை செய்யும் வேலுச்சாமி சிரிப்பை அடக்கினான். "பசியோட வந்தா மேய வந்திருக்கோம்னு நெனச்சுக்கும் சார். மொத நாள் எனக்கும் இதே மரியாததான்."

நாலு இட்லிக்குப் பிறகு வேலி அடங்கியது.

உள்ளே கன்றுகள் தோளுயரம் நின்றன. புழுக்கை கிடந்த இடமெல்லாம் யாரும் விதைக்காத முளைகள். நல்லசிவம் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிள்ளினார். கறுப்பாக, ஈரமாக விரலில் ஒட்டியது. ஒரு மண்புழு நெளிந்து போனது.

"தேயிலைப் பேச்சு இனி வேண்டாம்மா," என்றார்.

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூவரும் வெளியேறத் திரும்பினார்கள். மறுபடியும் ரீங்காரம்.

"இப்ப என்ன? சாப்பிட்டாச்சே!"

ஜெசிந்தா வானத்தைப் பார்த்தாள். வேலுச்சாமிதான் சொன்னான்: "விருந்துக்கு வந்தவங்க வெறுங்கையோட போகக் கூடாதாம் சார். மண்ணுக்கு ஏதாவது குடுத்துட்டுத்தான்..."

"என்னையுமா?"

"அதுக்கு அதிகாரி, கடமான் வித்தியாசம் தெரியாது சார்."

"அணைச்சுடட்டுமா சார்?" என்று ஜெசிந்தா கேட்டாள். "ஆனா திரும்ப உயிர் வர நேரம் ஆகும்." வேலிக்கு வெளியே பசித்த கடமான் கூட்டமொன்று கன்றுகளைப் பார்த்தபடி காத்து நின்றது.

நல்லசிவமும் கன்றுகளைப் பார்த்தார்.

"அணைக்காதீங்க," என்றார். "ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."