வீட்டுப் பேச்சு

ராதாமணி தன்னிடம் தமிழில் பேசினாள் என்பது, செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, ஃபேனுக்குக் கீழே வந்து உட்கார்ந்த பிறகுதான் பாலசுந்தரத்துக்கு உறைத்தது.

"காப்பி மேசைல இருக்குங்க" என்றிருந்தாள். வார்த்தையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பதினோரு வருடத் தாம்பத்தியத்தில் அந்த வீட்டுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் தமிழ் பேசிக்கொண்டதே கிடையாது. சௌராஷ்டிரக் குடும்பம். வாசலுக்கு வெளியே தமிழ், உள்ளே சொந்தப் பேச்சு. வீட்டுக்குள் தமிழைக் கேட்கிறவர்கள் கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரும் மீட்டர் பார்க்க வருபவரும்தான்.

"என்ன, விளையாடுறியா?" என்று தங்கள் பேச்சில் கேட்டான்.

"இல்லீங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் இருந்த உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கீபோர்டு சத்தம் கேட்கத் தொடங்கியது. பாலசுந்தரம் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டான்.

எல்லாம் பத்து நாளைக்கு முந்தைய அந்தப் பாழாய்ப்போன கண்காட்சியில் ஆரம்பித்தது. இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் அது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் அவன் பாடம் நடத்திய கல்லூரியில், மனுஷ மூளை பெரிதா மெஷின் மூளை பெரிதா என்று ஒரு போட்டி வைத்தான். மறைப்புக்குப் பின்னால் ஒரு பக்கம் அவன், மறுபக்கம் அவனே எழுதிய பேச்சு புரோகிராம். வருகிறவர்கள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்துக் கேள்வி கேட்கலாம். இரண்டு திரையிலும் பதில் வரும். எது மனுஷன் என்று கண்டுபிடிக்க வேண்டும். புரோகிராமில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கேள்வி புரியாவிட்டால் 'மொதல்ல சாப்டியா?' என்று கேட்கும்படி எழுதி வைத்திருந்தான். மதுரைக்காரர்களைக் கவிழ்க்க அது ஒன்று போதும் என்று அவனுக்கு இளக்காரம்.

இருபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர் மெஷினைத்தான் மனுஷன் என்றார்கள். "அண்ணே, நீங்கதான் மெஷினாம்ல!" என்று கூட வேலை பார்க்கும் அருள்பாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கடைசியாக ராதாமணி உட்கார்ந்தாள். 'என் மேல கோவமா?' என்று அடித்தாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை வருடம் இருக்கிறது என்று பாலசுந்தரத்துக்குத் தெரியும். தெரிந்தேதான் 'இப்ப எதுக்கு இந்தக் கேள்வி?' என்று பதில் அடித்தான். மெஷின், 'மொதல்ல சாப்டியா?' என்றது. அவள் கண் கலங்கிவிட்டது. மெஷினின் திரையைக் காட்டி, "இதுதான் அவரு" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தங்கள் பேச்சில் படித்துப் படித்துச் சொன்னான். "அதுக்கு ஒரு எழவும் புரியாது ராதா. புரியலன்னாத்தான் அப்பிடிக் கேக்கும்."

"உங்களுக்குத்தான் எல்லாம் புரிஞ்சுச்சே. நீங்க கேட்டீங்களா?"

மறுநாளிலிருந்து அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் புரோகிராமே கதியென்று கிடந்தாள். இப்போது அவனிடம் தமிழும் பேசத் தொடங்கிவிட்டாள். இவளை இப்படியே விட்டால் தனக்கில்லாமல் போய்விடுவாள் என்று அவனுக்குப் பயம் பிடித்தது.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் புரோகிராமை அழித்தான். அதன் நகல் இருந்த பிளாப்பியையும் இரண்டாக உடைத்தான். தான் எழுதியதன் மேலேயே பொறாமைப்படுகிற மடையன் உலகத்தில் வேறு யாராவது இருப்பானா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆத்திரம் அடங்காமல், பிளக்கையும் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனான்.

சாயங்காலம் அவன் திரும்பியபோது நாகமலையின் நிழல் தெருவுக்கு இறங்கியிருந்தது. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. மாவு மில் நின்றுபோய், பக்கத்து வீட்டு டிவியும் ஓய்ந்து, யாரோ மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றும் வாடை காற்றில் வர, தன் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு இருட்டுக்குள் கால் வைத்தவன் அப்படியே நின்றான். உள்ளறையில் கீபோர்டு சத்தம். கதவுக்கு அடியில் நீல வெளிச்சம்.

ராதாமணி சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு.

கதவைத் திறந்தான். பிளக் அவன் போட்ட இடத்திலேயே தரையில் கிடந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. அவள் விரல் அடித்துக்கொண்டே போக, கீழே பதில் வந்துகொண்டே இருந்தது. இங்கிலீஷ் எழுத்துதான். ஆனால் தமிழ் இல்லை. அவர்கள் வீட்டுப் பேச்சு. அதில் ஒரு வார்த்தைகூட அவன் அந்த மெஷினுக்குக் கொடுத்ததில்லை.

படித்தான். முதல் வரி புரிந்தது. அவளுக்கு அவன் வைத்திருந்த செல்லப் பெயர். அவர்கள் இருவர் மட்டும் அறிந்தது.

இரண்டாவது வரி பாதிதான் புரிந்தது.

மூன்றாவது வரி புரியவில்லை. திரும்ப முதல் வரிக்குப் போனான். அதுவும் இப்போது புரியவில்லை. வெறும் எழுத்து.

அவளைத் தங்கள் பேச்சில் கூப்பிட வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. தண்ணீருக்கு என்ன சொல்வார்கள்? அம்மாவுக்கு? பிறந்ததிலிருந்து பேசியது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. இல்லை.

"ராதா, நாந்தான்" என்றான். தமிழில்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். வேற்று ஆளைப் பார்த்ததும் இழுத்து மூடிக்கொள்வதுபோல முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"யாருங்க நீங்க? அவரு வேலையா இருக்காரு. வெளிய உக்காருங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். எழுந்து வந்து அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கீபோர்டு சத்தம் நின்றது. பிறகு உள்ளே இரண்டு பேர் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். ஒன்று ராதாமணி. மற்றது ஆண் குரல். நிதானமாக, பிரியமாக, அவனுக்குப் புரியாத பேச்சில் ஏதோ சொல்லி அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது.

அது பாலசுந்தரத்தின் குரல்.