4471-ம் நம்பர் முட்டி

பிணத்துக்கு முகம் இல்லை. ஏரி மீன்கள் பந்தியை முடித்திருந்தன.

"ஆனா முட்டி இருக்கு," என்றார் பிரேதப் பரிசோதனை டாக்டர். "செயற்கை முட்டி. நம்பர் 4471. சுத்தியும் சீழ்... டெஸ்ட்ல பூஞ்சைன்னு வந்திருக்கு."

"பூஞ்சையால செத்தானா?"

"மண்டையில அடி. கொலைதான்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். அவருடைய முட்டி கடகடத்தது. பத்து வருட வலி. திங்கட்கிழமை அவருக்கும் முட்டி மாற்று ஆபரேஷன்.

முட்டி தயாரித்த கம்பெனியில் விசாரித்தார். 4471, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருக்குப் பொருத்தியது. பொருத்தியவர் பெரிய எலும்பு டாக்டர்.

இன்ஸ்பெக்டர் தேதி வாங்கியிருந்ததும் அவரிடம்தான்.

சாவுச் செய்தி சொல்வது அவருக்குப் பிடிக்காத வேலை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு போஸ்ட்மாஸ்டர் வீட்டு மணியை அழுத்தினார்.

வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தவர்...

போஸ்ட்மாஸ்டர்!

"நீங்க செத்துட்டீங்கன்னு சொல்ல வந்தேன்."

"உள்ள வந்து உட்கார்ந்தே சொல்லுங்க."

"உங்க முட்டி எங்கே சார்?"

"கழட்டிட்டாங்களே. பூஞ்சை புடிச்சிருச்சு. இரும்புல ஒட்டிக்கிட்டா வெறும் மாத்திரைக்கெல்லாம் மசியாதாம். அந்த இடத்துல மருந்து கலந்த சிமென்ட் வெச்சிருக்காங்க. ஆறு மாசம் மாத்திரை. பூஞ்சை ஒழிஞ்சாத்தான் புது முட்டி."

"கழட்டினது?"

"எரிச்சிட்டேன்னாரே டாக்டர்."

இன்ஸ்பெக்டர் நொண்டிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

எலும்பு டாக்டர் சிரித்த முகமாக வரவேற்றார். "திங்கக்கிழமைதானே வரச் சொன்னேன்?"

"4471-ஐ எரிச்சிட்டீங்களாமே டாக்டர். அது ஏரியில நீந்திட்டு இருக்கு."

சிரிப்பு நின்றது.

"கழுவித்தானே போட்டேன்..."

"யாருக்கு?"

டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பயனில்லை. முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு?

"ஒரு டெய்லருக்கு. சீழ் வெச்சதும், வேற டாக்டர்கிட்ட காட்டறேன்னான். அவர் திறந்து பார்த்தா நம்பர் தெரிஞ்சிடும். அதான்..."

"மண்டையில வைத்தியம் பண்ணிட்டீங்க."

விலங்கை மாட்டியபின் இன்ஸ்பெக்டர் அலமாரியைத் திறந்தார். உள்ளே ஓர் அட்டைப் பெட்டி. மேலே அவருடைய பெயர், திங்கட்கிழமைத் தேதி. பெட்டிக்குள் பளபளவென்று ஒரு முட்டி. ஓரத்தில் லேசான கீறல்.

பெட்டியை டாக்டர் முன் நீட்டினார்.

"இது யாரோடது?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு டீச்சரோடது. அதுவும் பூஞ்சைதான்... ஆனா உங்களுக்குன்னு ரெண்டு தடவை கழுவினேன் சார்."

இன்ஸ்பெக்டரின் பத்து வருட முட்டி வலி அந்த நொடியே குணமாகிவிட்டது.