எர்த் கம்பியில் ஒரு சத்தம்

வாயை மூடாமல் சோறு தின்கிற ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு ஈரச் சத்தம் கேட்குமே, அதுதான் முதலில் சித்ரகலாவின் காதில் விழுந்தது. சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் செருகிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அறையில் ஃபைஸைத் தவிர வேறு ஆளில்லை. அவன் வாயில் எதுவுமில்லை. மேஜையின் மூலையில் இருந்த ஆம்ப்ளிஃபயரையே அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னுங்க தம்பி அது?"

"தெரீலீங்க்கா. பக்கத்துல ஏதாச்சும் ரேடியோ சிக்கியிருக்கும்."

ரேடியோவில் யார் மென்று காட்டுவார்கள் என்று அவள் நினைத்தாள்.

திருமுருகன்பூண்டிக்கு வெளியே, மூடிக்கிடந்த ஒரு சாயப்பட்டறையின் பின்கட்டில் இருந்தது அந்த அறை. கிட்டார் வாசிக்கிறவர்கள் காலால் அழுத்துகிற பெடல்களை அங்கே செய்தார்கள். உள்ளங்கை அகல அலுமினியப் பெட்டி. அழுத்தினால் கிட்டாரின் குரல் தொண்டை கட்டியது போல மாறும். ஃபைஸ் கிட்டார் வாசிப்பவன், சர்க்யூட் தெரிந்தவன், ஆனால் கைவேகம் கிடையாது. சித்ரகலா பதினாறு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள். கிட்டாரைத் தொட்டதுகூட இல்லை. வந்த முதல் மாசத்திலேயே அவள்தான் வேலையைத் திருத்தினாள். பெட்டியில் எங்கெங்கே ஓட்டை விழ வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தவனுக்கு, பெட்டியின் மேல் தொப்பி மாதிரி கவிழ்க்கிற ஒரு தகட்டு அச்சைச் செய்து கொடுத்தாள். நுனியிலிருந்து படிப்படியாக அகலமாகும் டிரில் பிட்டை வாங்க வைத்தாள். மூன்று அளவு ஓட்டைக்கும் அது ஒன்றே போதும். ரெசிஸ்டரின் கால்களை ஒரே அளவில் மடக்க, பல் வெட்டிய மரத்துண்டு. அப்புறம் டெஸ்ட் பெட்டி. ஸ்விட்சும் சாக்கெட்டும் அதிலேயே இருக்கும். சர்க்யூட் போர்டைக் கிளிப்பில் மாட்டினால் போதும், பெட்டிக்குள் போடும் முன்பே பழுது தெரிந்துவிடும். நாளுக்கு மூன்று முடிந்த இடத்தில் பன்னிரண்டு முடிந்தது. இனி வேறு எங்கும் போய் வேலை கேட்டு நிற்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியிருந்த நேரம் அது.

பழுது தேட ஃபைஸும் ஒரு கருவி செய்து வைத்திருந்தான். நிட்டிங் மெஷின் ஊசி ஒன்றைப் பேனா உடலுக்குள் செருகி, ஒரு கெப்பாசிட்டர் வைத்து, ஒயரை ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்திருந்தான். போர்டில் எந்த இடத்தை ஊசியால் தொட்டாலும் அந்த இடத்தில் ஓடும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும். எங்கே கிட்டார் சத்தம் நின்றுபோகிறதோ அங்கே கோளாறு.

அன்றைக்கு அவன் ஊசியை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தான். எல்லா இடத்திலும் கிட்டார் சுத்தமாகக் கேட்டது. கடைசியில், சும்மா, கிரவுண்டு கம்பியை, அதாவது எர்த்தை, தொட்டான்.

மென்றது. அருகில், நிதானமாக, கடைவாயில் ஒதுக்கி, நாக்கால் திருப்பி.

"கிரவுண்டுல ஒண்ணுமே கேக்கக் கூடாதுங்க்கா," என்றான் ஃபைஸ். குரல் தணிந்திருந்தது. "எல்லாச் சத்தமும் போய் அடங்கற எடம் அது."

போர்டைக் கழற்றிப் போட்டார்கள். வேறு போர்டு மாட்டினார்கள். அதிலும் மென்றது. மேஜையின் இரும்புக் காலில் மென்றது. சுவர் பிளக்கின் எர்த்தில் இன்னும் கெட்டியாக. சித்ரகலா எழுந்து போனாள். பிளக்கைப் பிடுங்கினாள். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது. அணைந்த பிறகும் ஒரே ஒரு முறை, மிச்சம் இருந்ததை விழுங்கும் ஓசை.

அவள் எலெக்ட்ரீசியனைக் கூப்பிடச் சொன்னாள். ஃபைஸ் தலையாட்டினான். கூப்பிடவில்லை.

அடுத்த இரண்டு நாளும் அவன் ஒரு போர்டைக்கூடத் தொடவில்லை. ஆம்ப்ளிஃபயரை மறுபடி மாட்டி, ஊசிக்கு ஒயரை நீட்டிக்கொண்டே போனான். எர்த் கம்பி சுவரோரமாக ஓடி, ஜன்னல் வழியாக இறங்கி, பின்முற்றத்தில் பழைய சாயத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழிக்குள் போனது. எல்லாப் பட்டறையிலும் இருக்கிற எர்த் குழிதான். உப்பும் கரியும் கொட்டி, இரும்புக் குழாய் இறக்கி, மேலே சிமெண்ட் மூடி போட்டது. ஃபைஸ் மூடியைத் தள்ளிவிட்டு அதன் ஓரத்தில் குந்தியிருப்பதை ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். எர்த் நல்லா இருக்கணும்னா ஊத்தணுங்க்கா என்றான். ஊற்றும்போதெல்லாம் அறைக்குள் ஆம்ப்ளிஃபயரில் மடக் மடக் என்று கேட்டது.

அப்புறம் வாடை. சாயப்பட்டறையின் பழைய வாடை அவளுக்குப் பழக்கம், இது அதில்லை. பல் விளக்காத வாய், தூங்கி எழுந்து முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டால் அடிக்கும் அந்தக் கதகதப்பு. சால்டரிங் பேஸ்ட் டப்பாவைத் திறந்தாள். மஞ்சள் பேஸ்டின் நடுவே யாரோ நக்கி எடுத்ததுபோல் ஒரு வழவழத்த பள்ளம். அதில் நூலாக எச்சில். டப்பாவைக் குப்பையில் எறிந்துவிட்டு, குழாயடியில் கையைத் தேய்த்தாள், தேய்த்தாள், தோல் எரியும் வரை தேய்த்தாள். விரலில் எர்த் கம்பியைத் தெரியாமல் தொட்டிருந்த இடம் மட்டும் வழுக்கிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஃபைஸின் மனைவி அல்ஃபியா போன் செய்தாள்.

"அக்கா, அவரு கைல என்ன கெமிக்கல் பட்டுச்சுங்க?"

"ஒண்ணும் படலீங்களே. ஏனுங்க?"

"மூணு நாளா எடது கையால அள்ளித் திங்கறாரு. எங்களுக்கு அது ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும். சோத்துக் கைய பேன்ட் பாக்கெட்டுக்குள்ளயே வெச்சுக்கறாரு. பக்கத்துல படுக்க முடீலீங்க்கா. கையில நாத்தம். சாக்கடை நாத்தம்னா கழுவீரலாம். இது வாய் நாத்தம்."

சித்ரகலா பின்முற்றத்தைப் பார்த்தாள். "நான் கேக்கறனுங்க," என்றாள். "வேலையா இருக்காருங்க, நான் கேட்டுச் சொல்றேன்."

கேட்கப் பயமாக இருந்தது. மத்தியானம் வரை கேட்கவில்லை. அதை நினைத்து அவள் பிறகு வெட்கப்பட்டாள்.

இரண்டு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தூரத்துச் சிற்பக்கூடங்களில் கல் செதுக்கும் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. தூறல் தகரத்தில் விழ ஆரம்பித்தது. அறையில் ட்யூப் லைட் எரிந்துகொண்டிருக்க, தகட்டு அச்சின் மேல் குனிந்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவள், டிரில்லை நிறுத்தினாள்.

ஆம்ப்ளிஃபயரில் சத்தம் மாறியிருந்தது. மெல்லவில்லை. சப்பியது.

எலும்புக்குள் இருப்பதை உறிஞ்சும்போது கன்னம் குழியுமே, அந்தச் சத்தம். உறிஞ்சி, விட்டு, மூச்சு வாங்கி, மறுபடி உறிஞ்சி. நடுவில் ஒரு திருப்தியான முனகல். அது ஃபைஸின் குரல் என்பது அவளுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது.

ஓடினாள்.

ஃபைஸ் குழி ஓரத்தில் குப்புறக் கிடந்தான். கன்னம் ஈர சிமெண்டில் அழுந்தியிருந்தது. வலது கை தோள் வரை குழிக்குள் இறங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. மழை கண்ணுக்குள் விழுந்தும் அவன் இமைக்கவில்லை.

"தம்பி."

"வலிக்கலீங்க்கா."

"எந்திரிங்க தம்பி. கைய எடுங்க."

"மொதல்ல நகத்த மட்டுந்தான் கேட்டுச்சு," என்றான், தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி. "பாவம்ங்க்கா. அதுக்கு சாயத்தண்ணியத் தவிர யாரும் ஒண்ணும் குடுத்ததில்லை."

அவள் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கீழே எதுவோ இன்னும் இறுக்கிக்கொண்டது. குழியிலிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். தொட்டிச் சுவரில் காலை உதைத்து, மொத்த உடம்பையும் பின்னால் சாய்த்தாள்.

சளக்.

இருவரும் மல்லாக்க விழுந்தார்கள். தோளில் ஒட்டியபடியே அவன் கை அவள் மடியில் விழுந்தது.

ரத்தம் இல்லை. முழங்கைக்குக் கீழே வெளுத்து, தட்டையாக, சப்பிப் போட்ட முருங்கைக்காய் மாதிரி நார்நாராகத் தொங்கியது. எலும்பு இல்லை. விரல்கள் கழற்றி எறிந்த கையுறை போல ஒன்றன்மேல் ஒன்று மடிந்து கிடந்தன. தோல் முழுக்கச் சின்னச் சின்ன அரைவட்டங்கள். கொழகொழவென்று ஏதோ அவள் சேலையில் வழிந்தது. வெந்நீர்ச் சூடு.

ஃபைஸ் அதைப் பார்த்தான். அழவில்லை. தட்டில் மிச்சம் வைத்த விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி முகம் வாடியது.

அவள் வாந்தியெடுத்தாள். குழிப் பக்கம் எடுக்கக் கூடாது என்று திரும்பித்தான் எடுத்தாள். அப்படியும் ஒழுகி அங்கேதான் போனது. உள்ளே சின்னதாக நக்கும் சத்தம். அவள் பார்க்க நினைக்கவில்லை. பார்த்துவிட்டாள். உப்பும் கரியும் இருக்க வேண்டிய இடத்தில் இளஞ்சிவப்பாக, மேடும் பள்ளமுமாக, ஒரு வாயின் மேலண்ணம். செப்புக் கம்பி அதன் நடுவில் பல்லிடுக்கு நார் போலச் சிக்கியிருந்தது. மழைத்துளி விழ விழ, அது இன்னும் கொஞ்சம் திறந்தது.

ஃபைஸின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டே அவள் பின்னால் நகர்ந்தாள். கேட்டுக்குப் போய்விட வேண்டும். கேட்டுக்கு வெளியே ரோடு. ரோட்டில் ஆட்கள். முற்றத்தைத் தாண்டினால் போதும்.

திரும்பினாள்.

சாயப்பட்டறை ஓடிய நாளில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக எர்த் போட்டிருந்தார்கள். அவளுக்கும் கேட்டுக்கும் நடுவே, புல் முளைத்த முற்றத்தில், இரண்டு வரிசையாகப் பதினான்கு சிமெண்ட் மூடிகள். மழையில் கழுவப்பட்டுப் பளபளத்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் மூடி ஒரு விரல் உயரம் எழும்பியது. மெதுவாக இறங்கியது. பிறகு அடுத்தது. பிறகு எல்லாம்.