அளவுக்காக ஓர் ஆள்

தான் வரைந்த குழாயில் ஒருமுறை தண்ணீர் வந்துவிட்டது என்று அவர் சத்தியமே செய்வார். நகரமைப்பு அலுவலகத்தில் பெரிய கட்டடம் ஒன்றுக்குப் பிளான் போட்டுக்கொண்டிருந்தாராம். குளியலறைக் குழாயை முடித்துப் பேனாவை எடுத்ததும் காகிதம் நனைந்து, மேசை நனைந்து, அறை முழுக்க வெள்ளம் ஓடியதாம். பக்கத்து மேசைத் தட்டச்சர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாராம். தலைமைப் பொறியாளரே வந்து, தயவுசெய்து அந்தக் குழாயை மூடி வரையுங்கள் என்று கெஞ்சினாராம்.

அலுவலகத்தில் அவருக்கு அளப்பார் என்று பெயர். டேப்பைப் பிடித்து அளந்தது வேலை நேரத்தில்; வாயால் அளந்தது எல்லா நேரத்திலும். ஓய்வு பெற்றதும் முதல் வேலை நின்றுபோயிற்று, இரண்டாவது வேலை இரட்டிப்பாயிற்று.

அவர் மனைவி தொலைபேசி இணைப்பகத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டே வயதானவள். ஊர்ப் பொய்யெல்லாம் அவள் காது வழியாகத்தான் போய்வந்தது. கணவர் ஆரம்பித்தால் கண்ணைக்கூட உயர்த்த மாட்டாள். குழாய்க் கதைக்கு அவளுடைய பதில் எப்போதும் ஒன்றுதான்: "மீனும் வந்திருக்குமே."

அவளைக் கடலோரம் கூட்டிப்போவதாக அவர் சொல்லத் தொடங்கியது கல்யாணமான புதிதில். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. ஒரு வருடம் பாலம் இடிந்தது. (பாலம் நன்றாகத்தான் இருந்தது.) ஒரு வருடம் படகுக்காரர் குடும்பத்துக்கே அம்மை போட்டது. இன்னொரு வருடம் தீவே கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது, படகுகள் வழி தெரியாமல் திரும்பி வருகின்றன என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். உண்மை என்னவென்றால், தன் கட்டிலை விட்டு வேறு எங்கும் அவருக்குத் தூக்கம் பிடிக்காது.

இந்தத் தடவை அந்த வித்தை செல்லாது. அவளுக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்து, பிழைப்பாளா என்று தெரியாமல் கிடந்து, பிழைத்திருந்தாள். மருத்துவமனையில் கண் விழித்ததும் அவள் கேட்டது: "ஒரு ஜன்னல். வெளிய கடல். யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. அது போதும்." அவர் கையைப் பிடித்துச் சரி என்றார். அவர் வாயிலிருந்து வந்த, அளக்காத ஒரே சொல் அதுதான்.

சின்னத் தீவு ஒன்றில், கடலைப் பார்த்த ஒற்றை அறை காட்டேஜ் கிடைத்தது. என்ன செய்வது என்பதைவிட என்ன செய்யக் கூடாது என்றுதான் இருவரும் திட்டம் போட்டார்கள். ஊர் சுற்றக் கூடாது. காலையில் யாரையும் எழுப்பக் கூடாது. அவர் யாரிடமும் குழாய்க் கதை சொல்லக் கூடாது. அவள் பெரிய பெரிய இலைகள் அச்சடித்த புதுக் கவுன் ஒன்று வாங்கி, அதை வீட்டிலேயே போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

தங்கப்போகும் அறையை முன்கூட்டியே வரைந்து பார்க்காமல் அவர் எங்கும் போனதில்லை. ஒரு விடுதியில் கதவைத் திறந்தால் கட்டில் இடித்த நாளிலிருந்து வந்த பழக்கம் அது. சோபாவை வராந்தாவுக்குத் தள்ளினார். காட்டேஜின் சொந்தக்காரம்மாவிடம் போனில் அளவுகளைக் கேட்டு, ஹால் தரையில் சாக்பீஸால் அறையை நிஜ அளவில் போட்டார். சுவர், கட்டில், மேசை, கடல் பக்கத்து ஜன்னல், சாப்பாட்டு மேசையின் அடிவரை நீண்ட குளியலறை. கதவுக்கு மட்டும் இடைவெளி. இனி அந்த வழியாகத்தான் உள்ளே போகவேண்டும் என்பது அவர் சட்டம். அவர் மறந்து கோட்டைத் தாண்டினால், "சுவத்துக்குள்ள நடக்கறீங்க" என்று அவள் அதட்டுவாள்.

எல்லாம் முடிந்ததும் கை பழக்கத்தில் இன்னொன்றையும் போட்டுவிட்டது. பிளான் போடுகிறவர்கள், அறை எவ்வளவு பெரிது என்று பார்ப்பவருக்குப் புரிய, அளவுக்காக ஓர் ஆளை வரைவார்கள். மேலிருந்து பார்த்தால் தெரிகிற ஆள்: தோளுக்கு ஒரு நீள்வட்டம், தலைக்கு ஒரு வட்டம், பின்னால் சின்னக் கொண்டை, முன்னால் எட்டிப் பார்க்கும் கால் விரல்கள். சேவை முழுக்க அவர் போட்ட ஆள் ஜன்னல் ஓரம் வெளியே பார்த்துத்தான் நிற்பாள். இங்கேயும் அப்படியே நின்றாள்.

மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "யாரிது, நம்ம கூட வர்றாளா?"

"அளவுக்குப் போட்டது."

"அளவுக்குத்தான் நிஜமா ரெண்டு பேர் நிக்கிறோமே."

அவருக்குச் சிரிப்பு வந்தது. நிஜ அளவு அறைக்கு அளவு காட்ட ஆள் எதற்கு? இவ்வளவு காலம் வேலை பார்த்து இப்படி ஒரு தப்பு. அழிக்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்டார்.

மறுநாள் மதியம், மழை இருட்டில் ஹாலுக்கு வந்தவர் அதைப் பார்த்தார். கால் விரல்கள் ஜன்னலைப் பார்க்கவில்லை. கொண்டைதான் ஜன்னல் பக்கம் இருந்தது. விரல்கள் அறைக்குள் திரும்பியிருந்தன.

நாம்தான் மாற்றிப் போட்டிருப்போம், கண்ணாடியை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் பாலங்கள் இடியாமல் நின்றதே அதிசயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் கோட்டுக்குள் கால் வைத்ததும் தரை சில்லென்று இருந்தது. வெளியே இருந்த அதே தரைதான், அதே கல்தான், ஆனால் உள்ளே மட்டும் நெடுநாள் ஈரத்தில் ஊறிய சில்லிப்பு. கூடவே அழுகிய பாசியும் உப்பும் கலந்த வாடை ஒன்று கணுக்கால் உயரத்திலேயே தேங்கி நின்றது, குனிந்தால் மூக்கில் ஏறியது, நிமிர்ந்தால் காணாமல் போனது. மின்விசிறியின் சத்தம்கூட அங்கே வேறு மாதிரி கேட்டது. வந்து, உடைந்து, பின்வாங்கி, மறுபடி வந்தது.

ஈரத் துணியை எடுத்து வந்து அந்த ஆளை அழுத்தித் துடைத்தார். சுத்தமாகப் போய்விட்டது. தேநீர் போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தார். தரை காய்ந்திருந்தது. ஆள் இருந்தாள். ஜன்னல் ஓரத்தில் இல்லை. அறையின் நடுவில், கட்டிலை நோக்கி ஒரு காலை எடுத்து வைத்தபடி.

அவர் மனைவியிடம் அன்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பாலத்தையும் அம்மையையும் தீவையும் சொன்ன வாய். அதற்குப் பதிலாகக் காட்டேஜ் அம்மாவுக்குப் போன் செய்தார். வெந்நீர் வருமா, கொசு உண்டா என்று சுற்றி வளைத்து, கடைசியில் எங்கள் அறையில் இப்போது யாராவது தங்கியிருக்கிறார்களா என்று கேட்டார்.

அந்த அம்மாவின் குரல் மிருதுவானது. கொஞ்சம் வெட்கப்பட்டது போலவும் இருந்தது.

"உங்க கூட வர்றவங்கதான் முன்னாடியே வந்துட்டாங்களே, ஐயா. வந்ததிலேருந்து ஜன்னல் ஓரமாவே நின்னாங்க. சாப்பிடக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல. இன்னைக்குத்தான் திரும்பியிருக்காங்க. கட்டில்ல உங்க மனைவிக்கு எந்தப் பக்கம்னு கேட்டாங்க. ஜன்னல் பக்கம்னு சொல்லிட்டேன். சரிதானே?"

அவர் கையிலிருந்த போன் வெகுநேரம் அலைச் சத்தத்தை மட்டும் எழுப்பிக்கொண்டிருந்தது.

பயணத்துக்கு முந்தைய நாள் பொழுது சாயும்போது எல்லாவற்றையும் கொட்டினார். மழை விடவில்லை, கரண்ட் போயிருந்தது. அவள் இலைக் கவுனைப் போட்டுக்கொண்டு அவசர விளக்கின் வெளிச்சத்தில் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். அவர் ஆளைத் துடைத்ததைச் சொன்னார், அந்த ஆள் திரும்பி வந்ததைச் சொன்னார், போனில் கேட்டதைச் சொன்னார். நாம் போகவேண்டாம் என்றார். நீ அந்த அறைக்குள் போகக் கூடாது, போனால் எனக்குத் திரும்பக் கிடைக்க மாட்டாய் என்றார். சொல்லும்போதே, நன்றாக அளக்கிற நாட்களில் தன் குரல் எப்படி இருக்குமோ அப்படியே இருப்பது அவர் காதிலேயே விழுந்தது.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். போனை வாங்கி அந்த எண்ணுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டாள்.

"பாலம் முடிஞ்சுது, அம்மை முடிஞ்சுது, இப்ப பேயா?"

"இல்லம்மா. இது அப்படி இல்ல."

"நான் சாகக் கிடந்தப்ப சரின்னு சொன்னீங்க. அது ஒண்ணையாவது நம்பலாம்னு நினைச்சேன்."

அவள் அழவில்லை. அதுதான் அவரை அடித்துப்போட்டது. விளக்கை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள், பின்னாலேயே அவர். சாக்பீஸ் கோடுகள் அந்த வெளிச்சத்தில் எலும்பு போல வெளுத்துத் தெரிந்தன. ஆள் இப்போது கட்டில் ஓரத்தில் நின்றாள். ஜன்னல் பக்கத்தில். மனைவிக்கென்று அவர் தலையணை வரைந்திருந்த பக்கத்தில்.

"நீங்களே வரைஞ்சிருக்கீங்க. வரையறது உங்களுக்குப் புதுசா?" என்றாள்.

விளக்கைக் கோட்டுக்கு வெளியே தரையில் வைத்தாள். கதவுக்கான இடைவெளி வழியாக, சட்டம் பிசகாமல், உள்ளே போனாள். அவர் கவுனைப் பிடிக்கப் பார்த்தார். துணி விரலில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அவள் கட்டில் கோட்டுக்குள் உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்து, தன் பக்கத்தில் மல்லாந்து படுத்தாள். கைகளை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"படுத்தாச்சு. எங்க உங்க ஆளு? வரச் சொல்லுங்க."

கட்டில் கிரீச்சிட்டது.

அங்கே கட்டில் இல்லை. வெறும் தரை. அந்த வெறும் தரை மரம் போல, பழைய கீல் போல, கனம் தாங்காமல் கிரீச்சிட்டது. ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்த வீட்டில் அவள் நெற்றி முடி பறந்தது.

அவர் குனிந்து அந்த ஆளைப் பார்த்தார். தலையின் வட்டம். கொண்டையைக் காணவில்லை. வட்டத்துக்குள் ஏதோ கோடுகள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு கண்கள். மூக்கு. திறந்த வாய். மேலிருந்து வரைந்த படத்தில் முகம் தெரிய வழியே இல்லை. தெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாருக்கும் புரிகிற அர்த்தம்.

அந்த ஆள் தலையைத் தூக்கிவிட்டாள். அவரைப் பார்க்கிறாள்.

"எழுந்து வா," என்றார். "வந்துடும்மா."

மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கேலி முகத்திலிருந்து போயிருந்தது. காதை ஒரு பக்கம் சாய்த்து, இணைப்பகத்தில் வெகுதூர அழைப்பைக் கேட்கிறவள்போல, எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கதவுக்கான இடைவெளிக்கு வந்தாள். காற்றில் கையை வைத்துத் திருகினாள். மறுபடி திருகினாள். நின்றாள்.

"கோட்டத் தாண்டி வா. சுவர் மேல நடந்து வா."

உள்ளங்கையை அவரை நோக்கி நீட்டினாள். கை சாக்பீஸ் கோட்டுக்கு நேர்மேலே நின்றது. விரல் நுனிகள் தட்டையாயின. உள்ளங்கை வெளுத்தது. கண்ணாடியில் அழுத்தின கை எப்படி இருக்குமோ, அப்படி.

அவர் முழங்காலிட்டார். சட்டை முனையால் கோட்டைத் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். கோடு ஈரமாக இருந்தது. விரலை வாயில் வைத்தால் கரித்தது. அழியவில்லை.

கட்டில் ஓரம் காலி. தரையில் எங்கும் அந்த ஆள் இல்லை.

நிமிர்ந்தார். மனைவி அசையாமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஹாலும், சாப்பாட்டு மேசையும், மழை வழியும் ஜன்னலும்தான். ஆனால் அவளுடைய வலது தோளில் கவுனின் துணி அமுங்கியிருந்தது. நான்கு குழிகள். அருகருகே. ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் கசிந்து, அச்சடித்த இலைகளின் மேல் கருத்துப் பரவியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது தோளிலும் துணி அமுங்கியது.

அவள் உதடுகள் அசைந்தன. நிதானமான குரல், வேலை நாட்களில் அறிமுகமில்லாதவர்களுக்கு இணைப்புக் கொடுத்த அதே குரல், வெகுதொலைவிலிருந்து, அலைகளுக்கு நடுவிலிருந்து வந்தது.

"என்னங்க... இங்க பாலம் இடிஞ்சு கிடக்கு. நீங்க சொன்னது அத்தனையும் நடந்திருக்கு. அவ மூச்சு என் கழுத்துல படுது."