‘இரு’ என்று சொல்லிவிட்டுப் போனவர்

மூன்று நாளாக விடாமல் பெய்த மழையில் சாந்தோமே ஊறிக் கிடந்தது. சுவரில் கை வைத்தால் ஈரம், தீப்பெட்டியை உரசினால் ஈரம், அலமாரியில் மடித்து வைத்த சட்டைகளில்கூடக் கடல் வாடையோடு ஈரம். ஆனால் ஃபிரெட்ரிக் வீட்டுக் கொல்லையில், பின்கதவுக்கு நேர் எதிரே, சிமென்ட் தரையில் ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தது.

காபி டம்ளரோடு கதவருகே நின்று வெகுநேரம் பார்த்தார். அந்த இடத்துக்கு மேலே கூரை இல்லை. வாதாம் மரத்தின் கிளையும் அதுவரை எட்டவில்லை. ஒரு முறத்தின் அகலத்துக்கு வெளிறிக் கிடந்தது தரை. சுற்றிலும் தண்ணீர் குமிழியிட்டு ஓடியது. ஏதாவது எண்ணெய் கொட்டியிருக்கும், அதனால்தான் ஈரம் ஒட்டவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

கொல்லைப்பக்கம் பார்க்காமலிருக்கப் பதினொரு நாளாக அவர் பழகிக்கொண்டிருந்தார். வாதாம் மரத்தடியில்தான் பட்டாணி என்ற அவர் நாயைப் புதைத்திருந்தது.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் பட்டினப்பாக்கம் மணலில், சுண்டல் விற்பவரின் கூடைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தவள் அவர் மனைவி லிசா. பெயர் வைத்தவளும் அவள்தான். பழக்கியது ஃபிரெட்ரிக். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர் வேறு எப்படி வளர்ப்பார்? “கடற்கரை நாய்க்கு எதுக்கு இங்கிலீஷ்?” என்று சொல்லித் தமிழிலேயே இரண்டு சொற்களைக் கற்றுக்கொடுத்தார். இரு. வா. லிசா போய்ச் சேர்ந்த பிறகு நான்கு வருடம் அந்த வீட்டில் அதிகம் பேசப்பட்டவை அந்த இரண்டு சொற்கள்தான்.

கல்லறைத் திருநாளன்று லிசாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு முழந்தாளிட்டபோது, ஜெபம் வராமல் ஒரு காட்சி வந்தது. விடிகாலைக் கடற்கரை. கழுத்தில் பட்டையில்லாமல், பின்னங்காலில் நொண்டலில்லாமல், நண்டு வளைகளை முகர்ந்து முகர்ந்து ஓடுகிறான் பட்டாணி. செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் லிசா நடந்து வருகிறாள். நாய்க்கு மோட்சம் உண்டா என்று அவர் எந்தச் சாமியாரிடமும் கேட்கவில்லை. இல்லையென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்தக் காட்சியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் இரவுகளில் தூங்கினார்.

பதினொரு மணிக்கு வாசலில் மீன்கார டயானாவின் குரல் கேட்டது. மகள் பிரசவத்துக்குப் போனவள், மூன்று வாரம் கழித்து இன்றுதான் வந்திருந்தாள்.

“இன்னா சாரே, பட்டாணிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

ஃபிரெட்ரிக் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். “பின்சந்து வழியா வந்தேன். கொல்லையில குந்திக்கினு கீது. சங்கரா மீன் தலைய எடுத்துக் காட்டுனேன், வர்ல சார். காத மட்டும் தூக்குச்சு. இந்த மழையில இன்னாத்துக்கு வெளிய வுட்டுக் கீற? உள்ள இட்டாந்துக்கோ.”

“டயானா.” அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. “அவன் செத்து பதினொரு நாள் ஆச்சு.”

கூடையைத் தூக்கப்போன கை நின்றது. சிரிப்பதா என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“மாதா சத்தியமா பாத்தேன் சார். உன் கதவையே பாத்துக்கினு இருந்துச்சு.”

மீன் விற்காமலே அவள் போய்விட்டாள்.

மதியம் அவர் சாப்பிடவில்லை. டாக்டர் ஷம்ஷாத்துக்கு ஃபோன் செய்தார். சிறுநீரகம் கெட்டு, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் கிடந்த பட்டாணிக்கு வீட்டுக்கே வந்து கடைசி ஊசி போட்டவர் அவர்தான்.

“டாக்டர், அன்னிக்கு நான் உள்ள போயிட்டேன் இல்ல… அப்புறம் அவன் எப்படி இருந்தான்?”

“வலியில்லாமத்தான் போனான் சார்.”

“அது சரி. என்ன பண்ணான்?”

“கதவையே பாத்துட்டு இருந்தான். மயக்கம் வந்தப்பக்கூடத் தலைய கீழ போடல. நான்தான் மெதுவா அமுக்கிப் படுக்க வெச்சேன்.” பிறகு தயங்கி, “உங்கள மாதிரி நிறைய பேர் உள்ள போயிடுவாங்க சார். தப்பில்ல,” என்றார்.

ஃபோனை வைத்துவிட்டுப் பின்கதவைப் பார்த்தார். நடந்தது இதுதான். ஊசியைப் பார்க்கத் தைரியமில்லை. கொல்லையில், இப்போது காய்ந்திருக்கும் அதே இடத்தில் கிடந்த பட்டாணி மெலிந்த கழுத்தைத் தூக்கி அவரைப் பார்த்தான். அவர் எழுந்து, பால் வாங்கப் போகும்போது சொல்வதைப்போலவே சொன்னார்: “இரு. இதோ வந்துடறேன்.” சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தில் நின்றார். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பட்டாணிக்கு அந்தச் சொல் வேதவாக்கு. ஒரு சித்திரை வெயிலில் ‘இரு’ என்றுவிட்டு, மறந்துபோய் சைதாப்பேட்டைக்குப் போய்விட்டார். ஐந்து மணிநேரம் கழித்து வந்தார். நாக்கு தொங்க, கால்கள் நடுங்க, வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது நாய். நான்கடி தள்ளி நிழல். அதற்குக்கூட நகரவில்லை. அவர் ‘வா’ என்று சொன்ன பிறகுதான் எழுந்தது.

அப்படியானால் அவன் கடற்கரையில் இல்லை. லிசாவிடம் போகவேயில்லை. பதினொரு நாளும், இந்த மழையிலும், இங்கேயே.

ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கரண்ட் போனது. ஃபிரெட்ரிக் பின்கதவைத் திறந்தார். மழைச் சத்தம் முகத்தில் அறைந்தது. அழுகிய வாதாம் இலைகளின் நாற்றம் மூக்கில் ஏறியது. சாம்பல் வெளிச்சத்தில் அந்த இடம் இன்னும் காய்ந்தே இருந்தது. அதன் விளிம்பில் மழை, எதன்மேலோ விழுந்து வழிவதைப்போல, வளைந்து வளைந்து இறங்கியது. உட்கார்ந்த முதுகின் வளைவு. இரண்டு காதுகளின் உயரம்.

படியில் உட்கார்ந்தார்.

“கண்ணு… போதும்டா. போ. அம்மாகிட்ட போ.”

மழை வளைந்தபடியே விழுந்தது.

“போடா! போ!”

மெல்லிய முனகல் கேட்டது. பட்டாணி புரியாதபோது முனகும் அதே முனகல். ஃபிரெட்ரிக் வாயைப் பொத்திக்கொண்டார். மைதானத்தில் முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கடைசியில் கலைந்து போகச் சொன்னவர், இந்த ஒரு ஜீவனுக்குப் போகச் சொல்லிக் கொடுக்கவேயில்லை. அவன் போகவேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அவனுக்குத் தெரிந்தது இன்னும் ஒரே ஒரு சொல்.

சொல்லக் கூடாதென்று உடம்பு முழுக்கத் தெரிந்தது. ஆனால் சொல்லாவிட்டால் அவன் இங்கேயே இருப்பான். அவர் போன பிறகும். வீடு இடிந்த பிறகும்.

“வா,” என்றார்.

மழை நேராக விழுந்தது. காய்ந்த இடம் ஒரு நொடியில் நனைந்து கறுத்தது. அங்கே எதுவும் இல்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டார். முழுதாக விடவில்லை.

மரத்தடியில் சத்தம். ஈர மண் சரியும் சத்தம்.

வருவதற்குக் கால்கள் வேண்டுமே.

சொத். சொத். பிறகு ஓர் இழுவை. பின்னங்கால். மீண்டும் சொத்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எழுந்து ஓட முடியவில்லை. கூப்பிட்டது அவர்தானே. நாற்றம் முதலில் வந்தது. பிறகு, வழக்கம்போல, முழங்காலில் தலை வந்து அமர்ந்தது. கனமாக. சில்லென்று.

பதினான்கு வருடப் பழக்கம். கை தானாகவே இறங்கியது.

காதுக்குப் பின்னால் தடவினார். சேறு. சேற்றுக்கடியில் ரோமம். ரோமத்துக்கடியில் எதுவும் கெட்டியாக இல்லை. தோல் விரல்களோடு சேர்ந்து நகர்ந்தது. உரிந்தது. கையோடு வந்தது.

“நல்ல புள்ள,” என்றார் அழுதுகொண்டே. கையை எடுக்கவில்லை. “நல்ல புள்ள.”

இருட்டில், ஈரச் சிமென்ட்டில், வால் தரையைத் தட்டியது. சந்தோஷமாக. தட்டிக்கொண்டே இருந்தது.