குதிகால் சாட்சி

ஸ்ட்ரெச்சரில் கிடந்த முகத்தைப் பார்த்ததும் அவள் அலறினாள்.

"சின்னவா...!"

எமர்ஜென்ஸி வார்டே திரும்பிப் பார்த்தது.

எட்டு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். கை நசுங்கியவன், கால் துண்டானவன் என்று எத்தனையோ பேரைக் கண் கலங்காமல் மெஷினுக்கு அடியில் படுக்க வைத்தவள். 'எக்ஸ்ரே அக்கா'வுக்கு இதயம் இருக்க வேண்டிய இடத்திலும் ஒரு ஃபிலிம்தான் இருக்கிறது என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள்.

இன்று அவள் ஸ்ட்ரெச்சரின் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சின்னவன் அவளுடைய ஒரே தம்பி. வயசு இருபத்திநாலு. வெல்டர். பிழைப்பு தேடி இந்த நாட்டுக்கு வந்து மூன்றே மாசம்.

தலையில் ரத்தம். சட்டையெல்லாம் மண். மூச்சு மட்டும் இழுத்து இழுத்து...

"யார் கொண்டு வந்தது?"

நர்ஸ் கதவுப் பக்கம் கை காட்டினாள்.

அங்கே ஒரு டாக்ஸி டிரைவர். இந்த ஊர்க்காரன். ஆறடி. கன்னத்தில் பழைய தழும்பு. சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம்.

"மைதானத்துப் பக்கம் பள்ளத்துல கிடந்தான்மா. மூச்சு இருந்துச்சு. தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தேன்."

அந்த ஊர் பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவன் சொன்னது காதில் ஏறவில்லை. புருஷனுக்குப் போன் போட்டாள்.

புருஷன் பெரிய கட்டட வேலை நடக்கும் சைட்டில் பாதுகாப்பு அதிகாரி. சின்னவனை அங்கே வேலைக்குச் சேர்த்ததே அவன்தான். இந்த ஊரில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் இருநூறு பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. தினமும் காலையில் அதில் அவன் குரல் கேட்கும். 'தனியா வெளியே போகாதீங்க... உள்ளூர்க்காரனை நம்பாதீங்க... நாம பிழைக்க வந்தவங்க, நம்ம உயிர் நம்ம கையில...'

மஞ்சள் கோட்டோடு ஓடி வந்தான். பின்னாலேயே இன்ஸ்பெக்டர்.

"ஐயோ, சின்னவா! தலைபாடா அடிச்சுக்கிட்டேனேடா!"

"என்னங்க ஆச்சு?"

"காலையில அஞ்சரை மணிக்கு ரூமை விட்டுக் கடைக்குக் கிளம்பினானாம். தனியா! வாட்ச்சைக் காணோம். போனைக் காணோம். வழிப்பறி, வேற என்ன?" அவன் பார்வை டிரைவரின் சட்டையில் நின்றது. உள்ளூர் பாஷைக்கு மாறினான். "இவன்...! இவன் டாக்ஸி ரெண்டு நாளா நம்ம ஆளுங்க தங்கியிருக்கிற இடத்தைச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. நான் பார்த்தேன்!"

"நானா?" டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் யோசிக்கவில்லை. இரண்டே எட்டு.

பளார்!

"அடிச்சுப் போட்டுட்டு நீயே கொண்டு வந்து நல்லவன் வேஷம் போடறியா?"

டிரைவர் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு அவளையே பார்த்தான். இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார்.

"நட."

---

"உன் தம்பியை நீயே எடுக்க வேண்டாம். வேற யாரையாவது..." என்றார் டூட்டி டாக்டர்.

"வேற யாரும் இல்லே டாக்டர். நானே எடுக்கறேன்."

"சரி. தலை, நெஞ்சு, கை, முதுகு, இடுப்பு. பாதம் ரெண்டும் வீங்கியிருக்கு. அதையும் எடு."

ஈய அங்கியை மாட்டிக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள். ஒவ்வொரு படமாகத் திரையில் விழுந்தது.

தலை... மேல்தோல் கிழிசல்தான். மண்டையோடு தப்பித்தது.

நெஞ்சு... பரவாயில்லை.

கைகள்... ஒரு கீறல்கூட இல்லை.

அவளுக்கு முதன்முதலாக எங்கோ உறைத்தது. அடிக்க வருகிறவனைப் பார்த்தால் எந்த மனுஷனும் கையைத்தான் குறுக்கே நீட்டுவான். அடிபட்டு வருகிறவர்களுக்கு முன்கை எலும்பு உடைந்திருப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! இவன் கையை நீட்டவே இல்லையா?

பாதம் திரையில் வந்தது.

வலது குதிகால்... தூள் தூளாக.

இடது குதிகாலும்!

முதுகெலும்பின் படத்தைத் திறந்தாள். இடுப்புக்குச் சற்று மேலே ஒரு கண்ணி சப்பையாக நசுங்கியிருந்தது.

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மாசத்துக்கு ஒருவனாவது இப்படி வருவான். உயரத்திலிருந்து விழுகிறவன் பாதத்தில் இறங்குகிறான். குதிகால் இரண்டும் நொறுங்கும். அந்த அதிர்ச்சி அப்படியே மேலே ஏறி முதுகெலும்பை நசுக்கும்.

எந்தத் திருடனும் ஒருத்தனைக் குதிகாலில் அடித்து வாட்சைப் பிடுங்குவதில்லை!

சின்னவன் அடிபடவில்லை.

விழுந்திருக்கிறான்!

---

வராந்தாவில் புருஷன் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன சொல்றாங்க? பேசுவானா?"

'பிழைப்பானா' என்று அவன் கேட்கவில்லை. அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"இன்னும் மயக்கம் தெளியலே. ஏங்க... இன்னிக்குக் காலையில அவன் சாரத்துல ஏறினானா?"

கண் இமைக்கும் நேரம். ஒரே ஒரு கணம். அவன் முகம் வெளுத்து, பழையபடி ஆனது.

"சாரமா? ஷிஃப்டே ஏழு மணிக்குத்தான். அஞ்சரைக்கு எவன் சாரத்துல ஏறுவான்? என்ன கேள்வி இது?"

"சும்மா கேட்டேன்."

"இங்க பாரு, நான் பத்து மணிக்கு சைட்ல இருக்கணும். தலைமை ஆபீஸ்லேருந்து வராங்க. ஐநூறு நாள் விபத்தே இல்லாத சைட்டுன்னு ஷீல்டு தராங்க. அடுத்த மாசம் எனக்குத் தலைமை ஆபீஸ்லயே சீட்டு! நீ அழாதே. மதியம் ஓடி வந்துடறேன்."

"தம்பி இப்படிக் கிடக்கறப்போ...?"

"நான் இங்கே நின்னு என்ன பண்ணப் போறேன்? அந்த டாக்ஸிக்காரனை விடக்கூடாதுன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட அழுத்திச் சொல்லியிருக்கேன்."

போய்விட்டான்.

பன்னிரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன். 'உன் தம்பி எனக்கும் தம்பிதானே, அனுப்பச் சொல்லு, நான் பார்த்துக்கறேன்' என்று அவள் அம்மாவிடம் போனில் வாக்குக் கொடுத்தவன்.

அவளுடைய போன் அடித்தது. அம்மா!

"சின்னவன் ரெண்டு நாளா பேசலியேடி. நல்லா இருக்கானா?"

"இருக்கான்மா."

"பத்திரமா பார்த்துக்கோ. கண்டவனும் இருக்கிற ஊரு. மாப்பிள்ளை பக்கத்துல இருக்காருன்னுதான் எனக்குத் தைரியமே."

அவள் போனை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு படங்களைக் கையில் எடுத்தாள்.

---

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு போலீஸ் அறை. பெஞ்சில் விலங்கோடு டாக்ஸி டிரைவர். அவனை ஏறிட்டுப் பார்க்க அவளால் முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"விழுந்தான். சரி. திருடன் எங்கேயாவது மாடியிலேருந்து தள்ளி விட்டிருக்கலாமே?"

"அவன் கிடந்தது மைதானம் சார். ரெண்டு கிலோமீட்டர் சுத்துவட்டாரத்துல ஒரு மாடிகூட இல்லே. எங்கேருந்து விழுவான்? வானத்துலேருந்தா?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சைட்ல விழுந்தான். யாரோ கொண்டு வந்து பள்ளத்துல போட்டாங்க. வழிப்பறி மாதிரி இருக்கட்டும்னு வாட்சையும் போனையும் கழட்டினாங்க. யார்?" என்று கேட்டார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர்."

"நிச்சயமா?"

"இன்னிக்கு ஐநூறாவது நாள் சார். விபத்துன்னு ஒண்ணு பதிவாச்சுன்னா அவர் ஷீல்டு போச்சு. தலைமை ஆபீஸ் சீட்டும் போச்சு. ஆனா அவர் கெட்டவர் இல்லே சார்! பயந்துட்டார். தம்பி செத்துட்டான்னு நினைச்சிருப்பார். தம்பி முழிச்சுட்டான்னு கேட்டா ஓடி வந்து அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவார். நீங்களே பாருங்க. தானா எல்லாத்தையும் ஒத்துக்குவார்."

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பரிதாபம் மாதிரியும் இருந்தது.

"பார்த்துடலாம். போனைப் போடு."

போட்டாள். அந்தப் பக்கம் கைதட்டல் சத்தம். மைக்கில் யாரோ அவனைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஏங்க... தம்பி கண்ணைத் திறந்துட்டான்!"

கைதட்டல் மட்டும் கேட்டது.

"ஹலோ... கேக்குதா?"

"ஏதாவது... சொன்னானா?"

"பேச்சு வரலே. கேட்டா தலையை ஆட்டறான். ஏழாம் நம்பர் ரூமுக்கு மாத்திட்டாங்க. போலீஸ் வாக்குமூலம் வாங்க வருதாம்."

"யாரையும் உள்ளே விடாதே. நான் வந்துக்கிட்டே இருக்கேன்!"

சைட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிஷம். இருபத்தைந்தாவது நிமிஷம் அவன் ஏழாம் நம்பர் அறை வாசலில் நின்றான்.

---

கட்டிலில், கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற மாதிரி தலை முழுக்கக் கட்டு. மூக்கின் மேல் ஆக்ஸிஜன் மாஸ்க். கழுத்து வரை போர்வை.

"நீ காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டே. போய் ஒரு காபி சாப்பிட்டுட்டு வா. நான் இருக்கேன் இவன்கிட்ட" என்றான் புருஷன், கரிசனமாக.

அவள் வெளியே போனாள். சுற்றிக்கொண்டு பாத்ரூமின் மறுபக்கக் கதவு வழியாக நுழைந்தாள். அங்கே இருட்டில் இன்ஸ்பெக்டர். கையில் ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டர். கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தது.

புருஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"சின்னவா... மாமாடா. கேக்குதா?"

உருவம் அசையவில்லை.

"வேணும்னு பண்ணலேடா. சாரத்துல பாதுகாப்பு வலை கட்டாம விட்டிருந்தாங்க. விசிட்டர் வர்றதுக்குள்ளே கட்டிடலாம்னுதான் உன்னை ஏறச் சொன்னேன். சேஃப்டி பெல்ட் எல்லாம் ஷோவுக்குப் பூட்டி வச்சிருந்துச்சு. நீ விழுவேன்னு நான் கண்டேனா?"

கதவுக்குப் பின்னால் அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. 'அழுங்க... இப்போ அழுதுடுங்க... மன்னிச்சுடுடான்னு சொல்லிடுங்க...'

"போலீஸ் வரும். திருடனுங்க அடிச்சாங்கன்னு சொல்லு. அந்த டாக்ஸிக்காரனைக் காட்டினா, ஆமான்னு தலையாட்டு. சொல்லுவியா?"

கட்டுப் போட்ட தலை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது.

மாட்டேன்!

"மாமா பேச்சைக் கேளுடா! உங்க அக்கா வாழ்க்கையும் இதுல இருக்கு. சொல்லுவியா, மாட்டியா?"

மறுபடியும் அதே அசைவு.

புருஷன் நிமிர்ந்தான். கதவைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான்.

"நான் என்னடா பண்றது? நீயா தேடிக்கிட்டே" என்றான், பெருமூச்சோடு.

அவன் கை ஆக்ஸிஜன் குழாயை எடுத்து இரண்டாக மடித்தது. இறுக்கியது!

அவள் அலறுவதற்குள் இன்ஸ்பெக்டர் அவள் வாயைப் பொத்தினார்.

அவசியமே இருக்கவில்லை. அவளுக்குக் குரலே வரவில்லை. அந்தக் கை அவளுக்கு நன்றாகத் தெரிந்த கை. காய்ச்சல் வந்தால் நெற்றியில் வைத்துப் பார்க்கிற கை.

ஒன்று... இரண்டு... மூன்று...

சடாரென்று போர்வை பறந்தது. கட்டிலில் கிடந்தவன் எழுந்து புருஷனின் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினான்!

"ஆ...!"

மாஸ்க்கையும் கட்டையும் பிய்த்து எறிந்தான். உள்ளே ஒரு கான்ஸ்டபிளின் முகம்!

கதவைத் தள்ளிக்கொண்டு இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

"சார், அவர் பேசினது ஒரு வார்த்தை எனக்குப் புரியலே. நீங்க சொன்ன மாதிரி எதைக் கேட்டாலும் இல்லே இல்லேன்னு தலையாட்டினேன். கொல்ல வந்துட்டார்!" என்றான் கான்ஸ்டபிள், மூச்சு வாங்க.

சின்னவனை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

---

'ஆறு மாசம் ஆகும். ஆனா நடப்பான்' என்றார் டாக்டர்.

டாக்ஸி டிரைவரின் விலங்கைக் கழற்றினார்கள். அவள் அவன் முன்னால் போய்க் கைகூப்பினாள். அவன், "தம்பிக்கு ரத்தம் வேணும்னா கூப்பிடுங்க" என்று நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

வாசலில் ஜீப் நின்றது. அவளைக் கண்டதும் புருஷன் விலங்குக் கைகளோடு திமிறினான்.

"கட்டின புருஷனையே காட்டிக் கொடுத்துட்டியேடி! உனக்கே இது நல்லா இருக்கா?"

"நீங்க அழுவீங்கன்னு நினைச்சேங்க." அவள் குரல் செத்துப் போயிருந்தது. "சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்."

"சரி... தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா உள்ளூர் ஜெயில்ல போடறாங்களாம்! கொலைகாரன், கொள்ளைக்காரன் எல்லாம் இருக்கிற இடம். நான் வெளிநாட்டான்... என்னை உயிரோட விடுவானுங்களா? ஏதாவது பண்ணு. இன்ஸ்பெக்டர்கிட்ட கேளு. அங்கே எனக்கு என்ன பாதுகாப்பு?"

அவள் இன்ஸ்பெக்டரிடம் திரும்பி ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. விசாரிச்சுட்டேன். அந்த ஜெயில்ல சொந்தக்காரன், நம்ம ஊர்க்காரன்னு ஒருத்தன்கூட கிடையாதாம்... உங்க உயிருக்கு ஒரு ஆபத்தும் வராது!"