தினமும் நாலு தடவை

யாரையும் நம்பாம இருக்கிறதுக்காக்கும் எனக்குச் சம்பளம். ஒரு ஆன்லைன் கேம் கம்பெனியில, அடுத்தவன் கணக்குக்குள்ள நுழையப் பாக்கிற கள்ளன்மாரைத் தடுக்கிற வேலை. அதனால கூடப் படிச்ச ஜெப்சி போன் பண்ணி, "அஸ்வதி, ஒரு நடை வந்துட்டுப் போட்டி, வீட்டுல ஒண்ணும் சரியில்ல"ன்னு சொன்னப்போ, பேய் பிசாசுன்னு எனக்குத் தோணல்ல. எவனோ கைவரிசை காட்டுதான்னுதான் தோணிச்சு.

மார்த்தாண்டத்துலேருந்து ஸ்கூட்டியில குழித்துறைப் பாலம் தாண்டிப் பத்து நிமிஷம். மத்தியானம் ரெண்டரை மணி. பழைய ஓட்டு வீடு, பின்னால ரப்பர் தோட்டம், அதுக்கும் பின்னால ஆறு. வெயில் கொளுத்துது. ஆனா வாசல்ல செருப்பைக் கழத்தும்போதே ஆத்துச் சேத்து வாடை அடிச்சுது. வீட்டைக் கழுவி விட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். உள்ள தரை காஞ்சுதான் கெடந்தது.

ஜெப்சிக்க தம்பி ஜெபிஷ் போன ஐப்பசியில அந்த ஆத்துல முங்கிப் போனான். காலேஜ்ல ரெண்டாம் வருஷம். ஒடம்பு கெடைச்சுது, கையில வச்சிருந்த போன் கெடைக்கல்ல. அவனுக்க அறையில லேப்டாப் மட்டும் தொறந்தபடி இருந்தது, அவன் விளையாடின கேமோட. கூட விளையாடுறவங்களுக்கு அவன் பேசி அனுப்பின நாப்பத்தொரு வாய்ஸ் மெசேஜ் அந்தக் கணக்குக்குள்ள இருக்கு. அவனுக்க அம்மா சத்தியபாய் தினமும் உக்காந்து அதைக் கேப்பாங்க. மவனுக்க குரல்னு அவங்களுக்கு மிச்சம் அவ்வளவுதான்.

"வேற போன்ல பதிஞ்சு வச்சியாட்டி?"

"வச்சுப் பாத்தேன். தண்ணி ஓடுற இரைச்சல்தான் வருது."

மைக்கு சரியிருக்காதுன்னு சொன்னேன்.

ஜெப்சி தன்னோட போன்ல ஜெபிஷுக்க மெயிலைத் தொறந்து காட்டினா. 'தவறான கடவுச்சொல்.' 'தவறான கடவுச்சொல்.' ஜனவரி ரெண்டாம் தேதியிலேருந்து தினமும் மத்தியானம் மூணு பத்துக்கு நாலு மெயில். அஞ்சாவது ஒரு நாளும் இல்ல.

சாதாரணக் கள்ளன் மிஷினை விட்டு நிமிஷத்துக்கு ஆயிரம் பாஸ்வேர்டு அடிச்சுப் பாப்பான். அதுக்காகத்தான் அஞ்சு தப்பானா கணக்கைப் பூட்டிப் போடுறது. இவன் நாலோட நிறுத்துதான். மறுநாள் எண்ணிக்கை முதல்லேருந்து தொடங்கும், இவனும் தொடங்குதான். அவசரமே இல்ல. இந்த மாதிரி ஆளைக் கண்டாத்தான் எனக்குப் பயம்.

"பாஸ்வேர்டு என்ன?"

ஜெப்சி சுவத்தைக் காட்டினா. புதுவருஷ ஆராதனையில ஆளாளுக்கு எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகள், வரிசையா ஒட்டியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் தனக்கு வந்த பைபிள் வசனத்துக்க நம்பரைத்தான் பாஸ்வேர்டா வைப்பானாம்.

"நல்ல புத்தி! கள்ளனுக்குச் சுவத்துலயே எழுதி வச்சிருக்கான்."

"அது பழசுட்டி. இந்த வருஷம் அம்மா அவன் பேருல ஒரு அட்டை எடுத்தாங்க. கல்ஃப்ல இருக்கவங்களுக்கு எடுக்க மாதிரி. தண்ணியைப் பத்தின வசனம் வந்துது. சுவத்துல ஒட்டவே விடல்ல, ஜம்பருக்குள்ள நெஞ்சோட வச்சிருக்காங்க. அவன் செய்ய மாதிரியே நான்தான் பாஸ்வேர்டை அந்த நம்பருக்கு மாத்தினேன்." அவ குரல் எறங்கிச்சு. "மறுநாளே தொடங்கிச்சு."

"சரி, பயப்படாத. பாஸ்வேர்டு சரியா விழுந்தாலும் அவனுக்க போனுக்கு ஓடிபி போவும். அது இல்லாம ஒரு பயலும் உள்ள வர முடியாது. போன்தான் ஆத்துச் சகதியில கெடக்கே."

"நம்பர் இருக்கு. அம்மா மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணுறாங்க."

ஜெப்சிக்குச் சந்தேகம் சிஜின் மேல. ஜெபிஷுக்க கேம் கூட்டாளி. அவ கூப்பிட்டு அவன் மூணு மணிக்கு வந்தான். வந்ததும் போனைப் பிடுங்கி மேசையில வச்சேன்.

"அக்கா, என்னைக் கள்ளன்னா நெனைக்கியோ?"

"நான் எல்லாரையும் அப்படித்தான் நெனைப்பேன். கைய முட்டு மேல வை."

மூணு பத்து.

ஜெப்சிக்க போன் சத்தம் போட்டுது. தவறான கடவுச்சொல்.

சிஜின் கை முட்டு மேலதான் இருந்தது.

ரெண்டு. மூணு. நாலு.

கடைசி மெயிலைத் தொறந்து கீழ வரைக்கும் பாத்தேன். எந்தப் போன்லேருந்து, எந்த ஊர்லேருந்துன்னு அதுல இருக்கும்.

ஜெபிஷுக்க போன். குழித்துறை.

சேத்து வாடை அறைக்குள்ள வந்துட்டுது.

"கள்ளன் இல்ல மக்கா." வாசல்ல சத்தியபாய் அம்மா நின்னாங்க. "எனக்க மவனாக்கும். அவன் வீட்டுக்குள்ள அவன் வரப் பாக்கான். நாமதான் பூட்டை மாத்திப் போட்டோம்."

பாஸ்வேர்டை மறந்த கணக்குச் சொந்தக்காரனும் இப்படித்தான் செய்வான். நாலு தடவை அடிச்சுப் பாப்பான், பூட்டு விழுமேன்னு பயந்து நிறுத்துவான். எத்தனையோ பாத்திருக்கேன்.

அம்மா ஜம்பருக்குள்ள கைய விட்டு அட்டையை எடுத்தாங்க.

"வேண்டாம்மா," நான் கையப் பிடிச்சேன். "ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் அந்தக் கணக்கு தொறந்திருக்கும். அங்க தொறந்தா இங்க மூடிரும், ஓடிபி இல்லாம நாம திரும்பத் தொறக்க முடியாது. நாப்பத்தொண்ணும் போயிரும்."

"போனா போட்டு. பிள்ளை வெளிய நிக்கான்."

சுவத்துப் பக்கமாத் திரும்பி, ஒறங்குற பிள்ளையை எழுப்புற மாதிரி பையச் சொன்னாங்க.

"நாப்பத்தி மூணு. ரெண்டு."

அஞ்சாவது மெயில் வந்தது.

கடவுச்சொல் சரி.

அதுக்கடுத்தது. ஓடிபி சரி.

லேப்டாப்ல இருந்த அவன் பேரு மறஞ்சுது. நாப்பத்தொரு மெசேஜும் மறஞ்சுது. ஜெப்சி வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. அம்மா சிரிச்சாங்க. "வந்துட்டான்."

இன்னொரு மெயில். கடவுச்சொல் மாற்றப்பட்டது.

உள்ள வந்த கையோட பாஸ்வேர்டை மாத்துறது யாருன்னு எனக்குத் தெரியும். சொந்தக்காரன் அதைச் செய்ய மாட்டான்.

மேசையில கெடந்த சிஜினுக்க போன் மின்னிச்சு. அவன் எட்டிப் பாத்தான்.

"அக்கா... ஜெபிஷ் ஆன்லைன்ல இருக்கான். வாய்ஸ் அனுப்பியிருக்கான்."

"போடு மக்கா," அம்மாதான் சொன்னாங்க.

போட்டான். முதல்ல தண்ணி இரைச்சல். அப்புறம் ஒரு பொம்பளைக் குரல், காதுக்குள்ள பேசுற மாதிரி அவ்வளவு பக்கத்துல.

*நாப்பத்தி மூணு. ரெண்டு.*

அம்மா இப்பச் சொன்னதுதான். இந்த அறையில, அந்தச் சுவத்துப் பக்கத்துல சொன்னது.

அதுக்கப்புறம் ஒரு மூச்சு. ஈரமா, நீளமா. அம்மாக்க வாய்க்கு நேரா யாரோ முகத்தை வச்சுக் கேட்டுட்டு நின்ன மாதிரி.

அஞ்சு மாசமா மவனுக்க குரலை மட்டுமே கேட்டுட்டு இருந்தவங்க, தலையைச் சாச்சுக் கடைசி வரைக்கும் கேட்டாங்க. கையிலேருந்து அட்டை நழுவி விழுந்தது.

"பிள்ளே," என்னைப் பாத்து மெல்லச் சொன்னாங்க. "இது எனக்க மவன் இல்ல."

அது நடந்து ரெண்டு மாசமாச்சு. அந்தக் கேம் வேற கம்பெனிக்கதாக்கும், அவங்களுக்கு எத்தனையோ தடவை எழுதிப் பாத்தோம். சரியான கடவுச்சொல், சரியான ஓடிபி, எங்களால ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க. நானே எத்தனையோ பேருக்கு எழுதின பதில்தான் அது.

சத்தியபாய் அம்மா அந்த நம்பருக்கு இப்ப ரீசார்ஜ் பண்ணுறதில்ல. போன மாசமே கட்டாயிட்டுது. ஆனா சிஜினுக்க போன்ல, ஜெபிஷ் பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி இன்னைக்கும் எரியுது.